கரையில் நின்று தூரம் பார்த்தல்

(வெருகலில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் செப்பனிட்ட எழுத்து வடிவம்)



வெருகல் என்றதும் வெளியூர்க்காரர் பலருக்குச் சித்திரவேலாயுத சுவாமி கோயிலும் கதிர்காமப் பாதயாத்திரையும் நினைவுக்கு வரும். உடற்றொழிலியல் கற்பித்தவனாகிய எனக்கு இந்த நிலத்தின் அமைப்பும் சேர்ந்தே நினைவுக்கு வருகிறது. ஒருபுறம் மகாவலியின் கிளையாறு, மாரியில் கலங்கி அடி தெரியாமல் ஓடுகிறது. மறுபுறம் கண்ணுக்குத் தடுப்பே இல்லாத கடல். ஆற்றில் ஆழம் பார்க்க வேண்டும். கடலில் தூரம் பார்க்க வேண்டும். பாலம் கட்டுவதற்கு முன்பு ‘பாதை’ எனப்படும் மிதவையில் ஏறி இந்த ஆற்றைக் கடந்த தலைமுறைக்கும், இன்றைக்கும் கரைவலை இழுக்கிறவர்களுக்கும் இவை இரண்டும் அன்றாடச் சோலி. ஆகவே கண்ணும் மூளையும் சேர்ந்து ஆழத்தையும் தூரத்தையும் அறிகிற வகையைப் பற்றிப் பேச இதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒளி கண்ணுக்குள் வருகிறது, நிறம் வருகிறது, திசை வருகிறது. தூரம் மட்டும் வருவதில்லை. விழித்திரை ஒரு மெல்லிய தாள். பத்து மீற்றரில் இருக்கும் ஒரு பொட்டிலிருந்து வரும் கதிரும், அதே திசையில் பத்துக் கிலோமீற்றரில் இருக்கும் பொட்டிலிருந்து வரும் கதிரும் அந்தத் தாளில் ஒரே இடத்தில்தான் விழும். எவ்வளவு தூரம் பயணம் செய்து வந்தேன் என்று எந்தக் கதிரும் சொல்வதில்லை. நேரில் கண்டவர் எவருமில்லாத வழக்கைத் தீர்க்கும் நீதிபதியைப் போல மூளை பல சாட்சிகளை விசாரித்துத் தூரத்தைத் தீர்மானிக்கிறது. ஒவ்வொரு சாட்சியின் சொல்லும் ஓர் எல்லைவரைதான் செல்லும். இந்தச் சாட்சிகளில் ஒன்றைக் கேட்கும் திறனை மூளை சிறுவயதிலேயே பெற்றாக வேண்டும். தவறினால் பிறகு பெறுவது மிகக் கடினம். இதை ஆறு கூறுகளாக விரித்துச் சொல்கிறேன்.

1. இரண்டு கண்கள்

பெருவிரலை முகத்துக்கு நேரே நீட்டிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். பிறகு அதைத் திறந்து மற்றக் கண்ணை மூடுங்கள். விரல் பின்சுவரில் இடம் மாறும். வளர்ந்த ஒருவரின் இரு கண்மணிகளுக்கும் இடையே சராசரி 63 மில்லிமீற்றர் இருக்கிறது. அந்த இடைவெளியால் இரண்டு கண்களும் இரண்டு வேறு படங்களைப் பெறுகின்றன. இந்த வேறுபாட்டிலிருந்தே திண்மத் தோற்றம் பிறக்கிறது என்பதை 1838 இல் லண்டன் றோயல் சங்கத்தின் முன் சார்ள்ஸ் வீற்ஸ்டன் நிறுவினார். உயர்தர மாணவர்கள் பௌதிகவியலில் படிக்கும் வீற்ஸ்டன் பாலத்துக்குப் பெயர் தந்தவரும் அவர்தான். இரண்டு கண்ணாடிகளைச் சாய்த்து வைத்து, ஒரே பொருளை இடக்கண் காணும்படி ஒரு கோட்டுப்படமும் வலக்கண் காணும்படி இன்னொரு கோட்டுப்படமும் காட்டினார். தட்டையான இரு படங்களும் ஒன்றாகி எழுந்து நின்றன.

1960 இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் பேலா யூலெஸ் என்ற ஹங்கேரியர் இதை இன்னும் ஆழமாகக் கொண்டுசென்றார். கணினியைக் கொண்டு வெறும் புள்ளிக் குவியலாக இரண்டு படங்களை அச்சிட்டார். தனித்தனியே பார்த்தால் எதிலும் எந்த உருவமும் இல்லை. இரண்டிலும் புள்ளிகள் ஒன்றுபோலவே இருந்தன; நடுவே ஒரு சதுரப் பகுதி மட்டும் இரண்டாவது படத்தில் சற்று ஒதுங்கி இருந்தது. ஒவ்வொரு கண்ணுக்கும் ஒவ்வொன்றாகக் காட்டியதும் அந்தச் சதுரம் தாளுக்கு மேலே மிதந்தது. உருவத்தை இன்னதென்று அறிவதற்கு முன்பே மூளை இரு படங்களையும் ஒப்பிட்டுவிடுகிறது என்பது இதனால் தெளிவாயிற்று. 1967 இல் பார்லோ, பிளேக்மோர், பெற்றிகுரூ ஆகிய மூவரும் பூனையின் மூளைப் புறணியில், இரு கண்களின் படங்களுக்கும் இடையே குறிப்பிட்ட அளவு விலகல் இருக்கும்போது மாத்திரம் தூண்டப்படும் நரம்புக் கலங்களைக் கண்டார்கள். வீற்ஸ்டன் காட்டிய வேறுபாட்டை மூளையில் அளக்கின்ற கலங்கள் அவை.

இந்தச் சாட்சி எவ்வளவு கூர்மையானது, எங்கே மங்குகிறது என்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நல்ல இருவிழிப் பார்வை உள்ளவர் ஒரு பாகையின் 3600 இல் 20 பங்கு அளவு விலகலைக்கூட உணர்வார். அதைக் கொண்டு பார்த்தால், ஒரு மீற்றர் தூரத்தில் ஒன்றரை மில்லிமீற்றர் முன்பின் வேறுபாடு தெரியும். பத்து மீற்றரில் 15 சென்ரிமீற்றர் இருந்தால்தான் தெரியும். நூறு மீற்றரில் 15 மீற்றர் வேண்டும். தூரம் பத்து மடங்கானால் பிழை நூறு மடங்காகிறது. சுமார் 650 மீற்றருக்கு அப்பால் கப்பலும் விண்மீனும் இந்தச் சாட்சிக்கு ஒன்றே. வலை பொத்துகிறவருக்கும் ஊசியில் நூல் கோக்கிறவருக்கும் இது பெரிய துணை. கடலில் தொலைவில் நிற்கும் வள்ளத்தைப் பார்ப்பவருக்கு இது வாய் திறப்பதில்லை.

கண்ணுக்குள் இருக்கும் வில்லை குவிவதும், இரு கண்களும் மூக்குப் பக்கம் சாய்வதும் தூரம் சொல்லும் வேறு இரண்டு அடையாளங்கள். அவையும் கைக்கு எட்டும் தூரத்துக்கே உதவும். ஆறு மீற்றருக்கு அப்பால் இரண்டுமே பயன்படுவதில்லை என்றே சொல்லலாம்.

2. ஒரு கண்ணோடு ஆடியவர்

ஒரு கண் போனால் தூரமே தெரியாது என்று நினைப்பவர்கள் இந்தியக் கிரிக்கெட் வீரர் மன்சூர் அலி கான் பட்டோடியின் கதையைக் கேட்க வேண்டும். 1961 ஜூலை 1 ஆம் திகதி இங்கிலாந்தின் ஹோவ் நகரில் நடந்த கார் விபத்தில் கண்ணாடிச் சில்லு தைத்து அவருடைய வலக்கண் பார்வை போயிற்று. அப்போது அவருக்கு வயது இருபது. ஆறு மாதம் முடிவதற்குள் இந்திய அணிக்காக டெஸ்ட் ஆடினார். 1962 ஜனவரியில் சென்னையில் இங்கிலாந்துக்கு எதிராக 103 ஓட்டங்கள் எடுத்தார். அதே ஆண்டு மார்ச்சில் 21 வயதில் அணித்தலைவரானார். மொத்தம் 46 டெஸ்ட்கள், ஆறு சதங்கள், அவற்றில் ஒன்று ஆட்டமிழக்காத 203. களத்தடுப்பிலும் அவர் காலத்து மிகச் சிறந்தவர்களுள் ஒருவர்.

இது எப்படி முடிந்தது? வேகப்பந்து ஏறத்தாழ அரை வினாடியில் துடுப்பாளரை வந்தடைகிறது. அந்த நேரத்தில் பந்தின் உருவம் விழித்திரையில் பெருத்துக்கொண்டே வரும். எவ்வளவு வேகமாகப் பெருக்கிறது என்பதை அறிந்தால் எப்போது வந்து சேரும் என்பது தெரியும். அதற்கு ஒரு கண்ணே போதும். பந்து சிறிதா பெரிதா, எத்தனை மீற்றரில் வருகிறது என்றுகூடத் தெரிய வேண்டியதில்லை. டேவிட் லீ என்ற எடின்பரோ அறிஞர் 1976 இல் இதைக் கணித வடிவில் விளக்கினார். பட்டோடி அந்தக் கணிதத்தைப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பே களத்தில் செய்துகொண்டிருந்தார். விழிவில்லை அணிந்து ஆடிய தொடக்கத்தில் அவருக்கு இரண்டு பந்துகள் தெரிந்தன. பிறகு தொப்பியை வலக்கண்ணின் மேல் இழுத்துவிட்டுக்கொண்டு ஆடப் பழகினார். குழப்புகிற சாட்சியை அவரே வெளியே அனுப்பிவிட்டார்.

ஆனால் அவர் எழுதிய நூலிலேயே இன்னொரு செய்தியும் இருக்கிறது. சாடியிலிருந்து கோப்பைக்குத் தண்ணீர் ஊற்றப் போனால் மேசையில் ஊற்றினாராம். சிகரெட் பற்றவைக்கத் தீயைக் கொண்டுபோனால் நுனியைத் தவறவிட்டாராம். ஏறத்தாழ இருபது மீற்றரிலிருந்து பாய்ந்து வரும் பந்தை அடித்தவருக்கு ஒரு முழத்துக்குள் இருக்கும் கோப்பை தப்பியது. எந்தச் சாட்சிக்கு எந்த எல்லை என்பதை இதைவிடத் தெளிவாக எந்த ஆய்வுகூடமும் காட்டியதில்லை என்பது என் எண்ணம்.

3. கடல்

கரையில் தூரம் பார்ப்பது எளிது என்பது நாம் கடலைப் பார்க்கும்போதுதான் விளங்கும். தரையில் பனை நிற்கிறது, வேலி நிற்கிறது, மாடு மேய்கிறது. ஒன்று மற்றொன்றை மறைத்தால் மறைப்பது கிட்ட இருப்பது. மாட்டின் அளவு நமக்குத் தெரியும். சிறிதாகத் தெரிந்தால் தொலைவில் நிற்கிறது. வீதியின் இரு ஓரங்களும் தூரத்தில் ஒடுங்குகின்றன. மணல் கிட்டவுள்ள இடத்தில் பருக்கையாகவும் போகப்போக மாவாகவும் தெரிகிறது. கடல் இந்தச் சாட்சிகளில் பலவற்றைப் பறித்துவிடுகிறது. மிஞ்சுவது என்ன?

முதலில் மிஞ்சுவது அடிவானம். நமக்கும் ஒரு பொருளுக்கும் இடையே தரை தொடர்ச்சியாகக் கிடந்தால்தான் தூரம் சரியாகத் தெரியும் என்று ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே எழுதியவர் இப்னு அல் ஹைதம். பஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த அவருடைய கிதாபுல் மனாழிர் ஒளியியலின் பெருநூல்களில் ஒன்று. மூதூரிலிருந்து வந்திருக்கும் அன்பர்கள் பலர் இந்தப் பெயரை அறிந்திருப்பீர்கள். அவர் சொன்னதன் ஒரு பகுதியை 2001 இல் ஊய், வூ, ஹே என்ற மூன்று ஆய்வாளர்கள் பரிசோதித்துக் காட்டினார்கள். தரையில் ஒரு பொருளைப் பார்க்கும்போது அது அடிவானக் கோட்டுக்கு எவ்வளவு கீழே தெரிகிறது என்ற கோணத்தை மூளை எடுத்துக்கொள்கிறது. கோணம் பெரிதானால் பொருள் கிட்ட, சிறிதானால் தொலைவு. அரியம் பொருத்திய கண்ணாடியால் அந்தக் கோணத்தை மாற்றியபோது ஆட்களின் தூரக் கணிப்பும் அதற்கேற்ப மாறியது.

இதை உங்கள் கரைக்குக் கொண்டுவருகிறேன். கண் 1.6 மீற்றர் உயரத்தில் இருக்க, மணலில் நின்று பாருங்கள். 500 மீற்றரில் இருக்கும் வள்ளம் அடிவானத்துக்கு ஒரு பாகையில் ஐந்திலொரு பங்குகூடக் கீழே தெரியாது. 600 மீற்றரில் இருப்பதும் அதே கோட்டில்தான் ஒட்டிக்கொண்டிருக்கும்; இரண்டையும் பிரித்தறிவது கடினம். இப்போது ஒரு மரத்தில் ஏறி, கண்ணை எட்டு மீற்றர் உயரத்துக்குக் கொண்டுபோங்கள். அதே வள்ளம் கிட்டத்தட்ட ஒரு பாகை கீழே இறங்கிவிடும். சாட்சியின் குரல் ஐந்து மடங்கு கூடிவிடுகிறது. கரைவலையில் மீன் பார்க்கிற மண்டாடி மணல்மேட்டிலோ மரத்திலோ ஏறி நிற்பதன் கணிதம் இதுதான். மீன்கூட்டம் தண்ணீரில் போடும் கருமையை மேலிருந்து பார்ப்பது எளிது என்பது ஒரு காரணம். கூட்டம் எவ்வளவு தூரத்தில் நிற்கிறது, வலையை எங்கே வளைக்க வேண்டும் என்று மண்டாடி கையசைத்துச் சொல்வதற்குக் கண்ணின் உயரம் இன்னொரு காரணம். அவருக்கு எவரும் கோணகணிதம் கற்பிக்கவில்லை. கடற்கரை அறிவை அறிவியலுக்கு வெளியே வைத்துப் பேசுகிற நம் கல்வி மரபில் எனக்கு உடன்பாடில்லை என்பதை இந்த இடத்தில் சொல்லிவைக்கிறேன்.

இரண்டாவது, வள்ளத்தின் அசைவு. ஓடும் பஸ்ஸிலிருந்து பார்த்தால் வேலிக் கம்பங்கள் பறக்கின்றன, தூரத்துப் பனைகள் மெல்ல நகர்கின்றன. கண்கள் இரண்டுக்கும் நடுவே இருப்பது 63 மில்லிமீற்றர்தான். ஆனால் நாம் நகரும்போது நூறு மீற்றர் இடைவெளியில் இரண்டு பார்வைகள் கிடைத்துவிடுகின்றன. கடலுக்கடியில் இருக்கும் ‘பார்’ என்னும் பாறைத்திட்டை மறுபடி கண்டுபிடிக்க, கரையில் கிட்ட இருக்கும் ஓர் அடையாளத்தையும் உள்ளே தள்ளியிருக்கும் இன்னோர் அடையாளத்தையும் நேர்கோட்டில் வைத்துப் பார்க்கிறவர்கள் இதைத்தான் செய்கிறார்கள். வள்ளம் சற்று விலகினாலும் முன்னதும் பின்னதும் பிரிந்துவிடும். வேறொரு திசையில் அதேபோல இன்னொரு சோடியை எடுத்துக்கொண்டால் இடம் அகப்பட்டுவிடும். ஜிபிஎஸ் வருவதற்கு முன் கடலடி நிலத்தை இவ்வளவு துல்லியமாக நினைவில் வைத்திருந்தவர்கள் நம் மீனவர்கள்.

மூன்றாவது, காற்று. இடையில் இருக்கும் காற்று ஒளியைச் சிதறடிப்பதால் தொலைவில் இருப்பவை வெளுத்து நீலம் பாரித்துத் தெரியும். மழை விட்டு வானம் வெளித்த காலையில் மூதூர்க் கரையில் நின்று பாருங்கள். கொட்டியாரக் குடாவுக்கு அப்பால் கோணேசர் மலை கிட்ட நகர்ந்து வந்ததுபோல இருக்கும். கச்சான் காற்று புழுதியைக் கிளப்பும் மாதங்களில் அதே மலை பின்னால் போய்விடும். மலை நகரவில்லை. புகாரின் அளவைத் தூரத்தின் அளவாக மூளை எடுத்துக்கொள்கிறது. கடலில் இது ஆபத்தான சாட்சி. தெளிந்த நாளில் கரை கிட்ட இருப்பதாக எண்ணி நீந்தத் துணிகிறவர்கள் இதனால் ஏமாறுகிறார்கள்.

இரவில் இவையும் போய்விடுகின்றன. அடிவானம் தெரியாத கடலில் ஒற்றை வெளிச்சம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று எந்தக் கண்ணாலும் சொல்ல முடியாது. கிட்ட எரியும் சிறு விளக்கும் தொலைவில் எரியும் பெருவிளக்கும் ஒன்றுபோலவே இருக்கும். ஆகவே கடலோடிகள் இரவுத் தூரத்தைக் கண்ணிடம் விடாமல் கணக்கிடம் விட்டார்கள். மூதூர்ப் பக்கத்துப் பவுல் முனையில் 1863 இல் வெளிச்சவீடு கட்டப்பட்டதன் தேவையும் இதில் அடங்கும். பூமி உருண்டை என்பதால், முப்பது மீற்றர் உயரத்தில் எரியும் ஒரு வெளிச்சம், கடல்மட்டத்திலிருந்து ஒரு மீற்றர் உயரத்தில் கண் இருக்கும் வள்ளக்காரருக்கு ஏறத்தாழ 23 கிலோமீற்றரில் முதன்முதல் தலைகாட்டும். வெளிச்சம் அடிவானத்தில் எட்டிப் பார்க்கும் அந்தக் கணத்தில் தூரம் தெரிந்துவிடும்.

கடலை விடுவதற்கு முன் போயா நாள் நிலவைப் பற்றி ஒரு சொல். கிழக்குக் கரையில் வாழும் நமக்கு முழுநிலவு கடலிலிருந்துதான் எழுகிறது. எழும்போது தாம்பாளம் போலப் பெரிதாக இருந்த நிலவு உச்சிக்குப் போனதும் ஏன் சிறுத்துவிடுகிறது என்று பிள்ளைகள் கேட்பார்கள். விழித்திரையில் அதன் அளவு இரண்டு வேளையிலும் அரைப் பாகையே. கையை நீட்டிச் சுண்டுவிரலால் மறைத்துப் பாருங்கள். இரண்டு வேளையும் விரலுக்குள் அடங்கும். உண்மையில் எழுகின்ற நிலவு உச்சி நிலவைவிட நம்மிடமிருந்து ஆறாயிரம் கிலோமீற்றருக்கு மேல் தொலைவில் இருக்கிறது. அதன் உருவம் ஒரு துளி சிறியதாகவே விழுகிறது. அடிவானம் மிகத் தொலைவு என்று மூளை எண்ணுவதால் அங்கே தெரியும் நிலவைப் பெரிதென்று தீர்மானிக்கிறது என்பது இப்னு அல் ஹைதம் வழிவந்த விளக்கம். எல்லா ஆய்வாளரும் அதை ஏற்பதில்லை. விவாதம் இன்னும் நடக்கிறது. நிலவு மாறவில்லை, நம் கணிப்புத்தான் மாறியது என்பதில் மட்டும் எவருக்கும் ஐயமில்லை.

4. ஆறு

ஆற்றில் ஆழம் பார்ப்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆனால் பெற்றோர் கவனமாகக் கேட்க வேண்டும். ஒளி நேராகவே வரும் என்பது மூளையின் உறுதியான நம்பிக்கை. தண்ணீரிலிருந்து காற்றுக்குள் வரும் ஒளி வளைந்து வருவதை அது கணக்கில் எடுப்பதில்லை. நீரின் முறிவுச்சுட்டி 1.33. நேர் மேலிருந்து பார்த்தால் இரண்டு மீற்றர் ஆழம் ஒன்றரை மீற்றராகத் தெரியும். கரையில் நின்று சாய்வாகப் பார்த்தால் இன்னும் குறைவாகத் தெரியும். இடுப்பளவு என்று பிள்ளை எண்ணும் இடம் கழுத்தளவாக இருக்கலாம். கலங்கல் நீரில் அடியே தெரியாது. அங்கே கண்ணின் கணிப்பை அறவே நம்பக்கூடாது. தடியூன்றிப் பார்த்து இறங்கும் பழைய வழக்கமே சரியான வழக்கம். ஈட்டியால் மீன் குத்துகிறவர் மீன் தெரியும் இடத்துக்குக் கீழே குறிவைப்பார். தன் கண் சொல்வதை அனுபவத்தால் திருத்திக்கொண்ட மனிதர் அவர். பிள்ளைக்கு அந்த அனுபவம் இல்லை.

5. நிழல்

ஆழம் சொல்லும் இன்னொரு சாட்சி நிழல். இதில் நம்மவர் ஒருவரின் பங்கு பெரிது. சென்னை ஸ்ரான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி. எஸ். ராமச்சந்திரன் மாணவராக இருந்தபோதே இருவிழிப் பார்வை பற்றிய அவருடைய கட்டுரை நேச்சர் இதழில் வந்தது. பின்னர் கேம்பிரிட்ஜில் ஆய்வு செய்து, கலிபோர்னியாவில் பேராசிரியரானார். 1988 இல் அவர் வெளியிட்ட ஆய்வு மிக எளிமையானது. மேற்பாதி வெளுத்தும் கீழ்ப்பாதி கறுத்தும் உள்ள வட்டம் முட்டை போலப் புடைத்துத் தெரியும். அதைத் தலைகீழாக்கினால் குழியாகத் தெரியும். தாளில் இருப்பது வெறும் சாம்பல் நிறந்தான். வெளிச்சம் மேலிருந்தே வரும் என்ற எண்ணத்தோடு மூளை பார்க்கிறது. ஒரே சூரியனின் கீழ் வாழ்ந்த உயிரினங்களுக்கு அது நியாயமான எண்ணம்.

உங்கள் கரை மணலில் பதிந்த காலடியைப் படம் எடுத்து, அந்தப் படத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். பள்ளமான காலடி மேடாக எழுந்து நிற்கும். இங்கிருக்கும் மாணவர்கள் இன்று மாலையே செய்துபார்க்கலாம். ஒரு கைத்தொலைபேசி போதும்.

6. பிள்ளையின் கண்

இனி நான் முக்கியமாகக் கருதும் பகுதிக்கு வருகிறேன். இந்தச் சாட்சிகளை விசாரிக்கும் திறன் பிறவியிலேயே வருகிறதா, வளர்ந்து கற்கிறோமா?

1960 இல் எலினர் கிப்சன், றிச்சர்ட் வோக் இருவரும் ஒரு மேசையின் பாதியில் கட்டம் போட்ட துணியைக் கண்ணாடிக்கு ஒட்டி விரித்து, மறுபாதியில் அதே துணியைப் பல அடி கீழே விரித்தார்கள். கண்ணாடி முழுவதும் தொடர்ந்து இருந்தது, விழ வழியில்லை. தவழத் தொடங்கிய குழந்தைகளில் பெரும்பாலானோர், தாய் மறுபக்கம் நின்று அழைத்தும், பள்ளம் தெரியும் பக்கம் போக மறுத்தார்கள். அந்த வயதுக்குள் ஆழம் தெரிந்துவிட்டது. இருவிழித் திண்மப் பார்வை அதற்கும் முன்னதாகவே, பிறந்து நான்கு மாத அளவில், பெரும்பாலான குழந்தைகளிடம் தலைகாட்டுகிறது.

பிறவியிலேயே பார்வையின்றி வளர்ந்து பின்னர் பார்வை பெற்றவர்களிடம் கேட்க முடிந்தால்? 1688 இல் டப்ளின் நகரத்து வில்லியம் மொலினோ, தத்துவஞானி ஜோன் லொக்கிடம் இந்தக் கேள்வியைக் கேட்டார். கோளத்தையும் கனசதுரத்தையும் தொட்டு அறிந்த பார்வையற்றவர் திடீரெனப் பார்வை பெற்றால், தொடாமலே எது எதுவென்று சொல்வாரா? விடை முந்நூறு ஆண்டுகளுக்குப் பின் டெல்லியில் கிடைத்தது. எம்ஐரி பல்கலைக்கழகத்தின் பவன் சின்ஹா தொடங்கிய பிரகாஷ் திட்டம், பிறவிக் கண்புரையோடு வளர்ந்த ஏழைப் பிள்ளைகளுக்குச் சத்திரசிகிச்சை செய்வித்து, அவர்கள் பார்க்கக் கற்பதைக் கவனித்தது. 2011 இல் வெளியான ஆய்வில் 8 முதல் 17 வயது வரையான ஐந்து பிள்ளைகள். தொட்டதைத் தொட்டும், பார்த்ததைப் பார்த்தும் சரியாகச் சொன்ன அவர்கள், தொட்டதைப் பார்வையால் அடையாளம் காணத் திணறினார்கள். ஆனால் சில நாட்களிலேயே அது கைகூடத் தொடங்கியது.

அதே திட்டத்தின் 2015 ஆம் ஆண்டு ஆய்வு என்னை இன்னும் யோசிக்க வைத்தது. ஒடுங்கிச் செல்லும் இரு கோடுகளுக்கிடையே சம நீளமுள்ள இரண்டு கட்டைகளை வைத்தால், கோடுகள் ஒடுங்கும் பக்கத்துக் கட்டை நமக்கு நீளமாகத் தெரியும். அது தூரத்தில் இருப்பதாக மூளை எடுத்துக்கொள்வதாலேயே என்று பொதுவாகச் சொல்வோம். வீதிகளையும் படங்களையும் பார்த்துப் பார்த்துப் பழகியதன் விளைவு இது என்பது பலருடைய நம்பிக்கையாக இருந்தது. பார்வை கிடைத்து இரண்டு நாட்களுக்குள் பரிசோதிக்கப்பட்ட ஒன்பது பிள்ளைகளுக்கும் அது அப்படியே தெரிந்தது. வீதியை வாழ்நாளில் கண்டிராத கண்கள். ஆக, சில சாட்சிகளைக் கேட்கும் ஏற்பாடு அனுபவத்துக்குக் காத்திருப்பதில்லை, சில காத்திருக்கின்றன.

காத்திருப்பவற்றில் முதன்மையானது இருவிழித் திண்மப் பார்வை. ஹியூபல், வீசல் இருவரும் 1960களில் பூனைக்குட்டிகளில் இதைக் காட்டினார்கள். 1981 இல் நோபல் பரிசு பெற்றார்கள். பிறந்த சில மாதங்களுக்குள் ஒரு கண்ணை மூடிவைத்தால், மூளையில் அந்தக் கண்ணுக்குரிய இடத்தை மற்றக் கண் எடுத்துக்கொள்கிறது. பிறகு திறந்துவிட்டாலும் கண் நன்றாக இருக்கும், மூளை அதைக் கேட்காது. மனிதப் பிள்ளைக்கும் இதுவே நடக்கிறது. ஒரு கண் ஒதுங்கியிருக்கும் மாறுகண்ணில் இரு கண்களும் வெவ்வேறு இடங்களைப் பார்க்கின்றன. இரட்டைத் தோற்றத்தைத் தவிர்க்க மூளை ஒரு கண்ணின் படத்தைத் தள்ளிவைக்கிறது. ஆண்டுகள் போனால் அந்தக் கண் சோம்பிவிடுகிறது. ஒரு கண்ணில் மட்டும் பார்வைக் குறைபாடு அதிகமாக இருந்தாலும், பிறவிக் கண்புரை இருந்தாலும் முடிவு இதுதான். நூறு பிள்ளைகளில் இரண்டு மூன்று பேரிடம் சோம்பல் கண் காணப்படுகிறது. அந்தப் பிள்ளை எதையும் முறையிடாது. தனக்குத் தெரியும் உலகந்தான் எல்லோருக்கும் தெரிகிறது என்று அது நினைக்கிறது.

பெரியவரானபின் திண்மப் பார்வை பெற்றவர்களும் உண்டு. சூசன் பரி என்ற அமெரிக்க நரம்பியலாளர் நாற்பத்தெட்டு வயதில் பயிற்சியால் அதைப் பெற்றார். ஒலிவர் சாக்ஸ் அவரைப் பற்றி எழுதியபோது உலகம் வியந்தது. வியந்ததற்குக் காரணம் அது அவ்வளவு அரிது என்பதே. பிள்ளைப் பருவத்தில், பெரும்பாலும் ஏழு வயதுக்குள், கண்ணாடி அணிவித்தும் நல்ல கண்ணைச் சில மணிநேரம் மூடிவைத்தும் செய்யும் சிகிச்சை எளிது, செலவு குறைவு, பலன் அதிகம். பிறவிக் கண்புரைக்கோ ஏழு வயது மிகப் பிந்திய வயது. அதற்கு முதல் இரண்டு மாதங்களே உகந்த காலம்.

மாறுகண் அதிர்ஷ்டம் என்ற பேச்சு நம்மிடையே இருக்கிறது. வளர வளரச் சரியாகிவிடும் என்றும் சொல்வார்கள். பிறந்த முதல் மூன்று மாதங்களில் கண்கள் இடைக்கிடை ஒதுங்குவது இயல்பு. அதற்கு மேலும் ஒதுங்கியே இருந்தால் அது தானாகச் சரியாகும் என்று காத்திருக்கக் கூடாது.

ஆகவே தாய்மாருக்கும் முன்பள்ளி ஆசிரியைமாருக்கும் என் வேண்டுகோள் இது. பிள்ளை விளையாடிக்கொண்டிருக்கும்போது அதன் ஒரு கண்ணைக் கையால் மெல்ல மூடுங்கள். பிறகு மற்றதை மூடுங்கள். ஒரு கண்ணை மூடும்போது பேசாமல் இருக்கும் பிள்ளை, மற்றதை மூடும்போது உங்கள் கையைத் தட்டிவிட்டு அழுதால் கவனியுங்கள். ஃபிளாஷ் போட்டு எடுத்த படத்தில் ஒரு கண்மணி சிவப்பாகவும் மற்றது வெள்ளையாகவும் தெரிந்தால் ஒரு நாளும் தாமதிக்காதீர்கள். அது கண்புரையாகவும் இருக்கலாம், புற்றுநோயாகவும் இருக்கலாம். தலையை எப்போதும் ஒரு பக்கம் சாய்த்துப் பார்க்கிற பிள்ளையையும் காட்டுங்கள். திருகோணமலைப் பொது வைத்தியசாலையிலும் மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையிலும் கண் வைத்தியர்கள் இருக்கிறார்கள். அரசாங்க வைத்தியசாலையில் பரிசோதனைக்குக் காசு இல்லை. பஸ் செலவும் ஒரு நாள் உழைப்பும் போகும் என்பதை நான் அறிவேன். அப்படியிருந்தும் கேட்கிறேன்: அடுத்த தவணை தொடங்குவதற்கு முன்பு, வெருகல் பிரிவிலுள்ள ஒவ்வொரு முன்பள்ளிப் பிள்ளையின் இரண்டு கண்களையும் தனித்தனியே ஒருமுறை பார்த்துவிடுங்கள்.